விண்மீன்களின் எடைக்கு எல்லை கண்ட சந்திரசேகர்

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடா மாநிலத்தில் வாழும் நமக்கு வானம் அந்நியமானதன்று. பால்மரத் தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து, விண்மீன்கள் மின்னும் வானத்தின் கீழேதான் பெரட்டுக்கு நடந்தனர். அவ்விண்மீன்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன, எவ்வாறு மடிகின்றன என்ற வினாக்களுக்கு விடை தேடி, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே அளித்த தமிழர் ஒருவர் இருந்தார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய வாழ்க்கையை மாணவச் செல்வங்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

பிறப்பும் இளமையும்

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசாங்கத்தின் கணக்குத் தணிக்கைத் துறையில் அலுவலர். அப்பணியின் பொருட்டே தமிழ்க் குடும்பமாகிய அவர்கள் லாகூரில் தங்கியிருந்தனர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். பிள்ளைகள் பதின்மர்; அவருள் ஆண்மக்களில் மூத்தவர் சந்திரசேகர். இயற்பியலுக்கான நோபல் பரிசை 1930-இல் பெற்ற சர் சி. வி. இராமன் இவருக்குச் சிற்றப்பா ஆவார்.

தாயார் பள்ளியில் நெடுங்காலம் பயின்றவர் அல்லர். ஆயினும் கல்வியில் தணியாத ஆர்வம் கொண்டவர். நார்வே நாட்டு எழுத்தாளர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சிறுவன் சந்திரசேகருக்குத் தமிழ் கற்பித்தவர் அவரே. ஆங்கிலமும் கணக்கும் தந்தையார் கற்பித்தார். இவ்வாறு பன்னிரண்டு வயதுவரை வீடே அவருக்குப் பள்ளிக்கூடமாக விளங்கியது.

1918-இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை பயின்றபின், சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தம்மைப் போலவே மகனும் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ கணிதத்திலும் இயற்பியலிலும் இருந்தது. மனம் விரும்பியதையே மகன் படிக்கட்டும் என்று தாயார் அவர் பக்கம் நின்றார்.

1928-இல் ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வருகை தந்தார். அவர் எழுதிய நூலை முழுவதும் கற்றுத் தேர்ந்திருந்த சந்திரசேகர், துணிந்து அவரை நேரிற் சென்று கண்டார். அந்நூலிற் கண்ட கருத்துகள் பலவும் பழமையாகிவிட்டன என்றும், அணுவைப் பற்றிய இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்றும் அவ்வறிஞர் கூறக் கேட்டதும் இளைஞர் திகைத்துப் போனார். ஆனால் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. அவர் கொடுத்த புதிய கட்டுரையைப் பயின்று, சில மாதங்களிலேயே தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரை இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

கப்பலிற் போட்ட கணக்கு

1930-இல் இந்திய அரசாங்கம் அவருக்கு உதவிச் சம்பளம் அளித்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முன்வந்தது. அவ்வேளை தாயார் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். மகன் தயங்கினார், உறவினர் சிலரும் போக வேண்டாம் என்றனர். தாயாரோ, தம் நோயைக் காரணமாக்கி மகனின் கல்வி தடைப்படலாகாது என்று உறுதியாக நின்று வழியனுப்பினார். 1930 ஜூலை இறுதியில் சந்திரசேகர் பம்பாயிற் கப்பலேறினார். மறு ஆண்டு மே மாதத்தில் தாயார் காலமானார். அன்னையின் முகத்தை மகன் மீண்டும் காணவில்லை.

அக்கப்பல் பயணத்தின்போது அவருக்கு வயது பத்தொன்பது. கடற்பயணத்தின் நீண்ட பகற்பொழுதுகளில் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து, விண்மீன்களின் முடிவைப் பற்றி அவர் கணக்கிட்டார். அக்கணக்கின் பொருளை நாம் எளிய முறையிற் காண்போம்.

ஒரு விண்மீன் என்பது வெப்ப வாயுவால் ஆன மாபெரும் கோளம். அதன் சொந்த ஈர்ப்பு விசை அதனை ஓயாமல் உள்நோக்கி நெருக்குகின்றது. நடுவில் நிகழும் அணுச்சேர்க்கையால் பிறக்கும் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. இவ்விரண்டும் சமமாக இருக்கும்வரை விண்மீன் நிலைத்து ஒளிர்கின்றது. நம் சூரியன் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக இவ்வாறே ஒளிர்ந்து வருகின்றது.

எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? உள்நோக்கிய நெருக்குதல் வெற்றி பெறும். விண்மீனின் நடுப்பகுதி சுருங்கும். சூரியனின் எடையளவு பொருள், நம் பூமியின் அளவுக்குச் சுருங்கிவிடும். இத்தகைய விண்மீனை வெண்குறுமீன் என்பர். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்தாலும் பல டன் எடை இருக்கும்.

அவ்வளவு நெருக்குதலை அது எவ்வாறு தாங்குகின்றது? இங்கே எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் துணைக்கு வருகின்றன. பேருந்தில் ஓர் இருக்கையில் ஒருவர் அமர்ந்துவிட்டால் அதே இருக்கையில் மற்றொருவர் அமர இயலாதல்லவா? எலெக்ட்ரான்களுக்கும் அத்தகைய விதியொன்று உண்டு. இருக்கைகள் நிரம்ப நிரம்ப, எஞ்சிய எலெக்ட்ரான்கள் மேலும் மேலும் விரைந்து ஓட வேண்டியிருக்கும். அவ்விரைவால் உண்டாகும் அழுத்தமே வெண்குறுமீனைத் தாங்கி நிற்கின்றது. இதனைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரால்ஃப் பௌலர் 1926-இலேயே விளக்கியிருந்தார். ஆகவே எல்லா விண்மீன்களும் இறுதியில் வெண்குறுமீன்களாகி அமைதியாக ஓய்வுபெறும் என்றே அறிஞர்கள் எண்ணினர்.

சந்திரசேகர் இன்னும் ஒரு படி மேலே சிந்தித்தார். ஒளியின் வேகத்தை எப்பொருளும் விஞ்ச முடியாது என்பது ஐன்ஸ்டைன் கண்ட விதி. அப்படியானால் எலெக்ட்ரான்கள் ஓடும் விரைவுக்கும் ஒரு வரம்பு உண்டு. விண்மீனின் எடை கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவற்றின் அழுத்தம் போதாமற் போக வேண்டும். இவ்வெண்ணத்தைக் கணக்கில் இட்டபோது வியத்தகு விடை கிடைத்தது. வெண்குறுமீன் ஒன்றின் எடை சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருக்க இயலாது. அவ்வெல்லையைத் தாண்டிய எதுவும் வெண்குறுமீனாக நிலைத்திராது. மேலும் நொறுங்கத்தான் வேண்டும். இதுவே இன்று உலகெங்கும் சந்திரசேகர் எல்லை எனப்படுகின்றது.

அவையில் நேர்ந்த சோதனை

கேம்பிரிட்ஜில் 1933-இல் முனைவர் பட்டம் பெற்ற சந்திரசேகர், அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் கணக்கை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ 1934 முழுவதும் உழைத்தார். அந்நாளில் விண்மீன் ஆராய்ச்சியில் முதல்வராகத் திகழ்ந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்த பெருமை அவருக்குண்டு. அவர் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்குகளைப் பார்த்துச் செல்வார். மாறான கருத்தேதும் சொன்னதில்லை.

1935 ஜனவரி 11-ஆம் நாள், இலண்டனில் ராயல் வானியற் கழகத்தின் கூட்டத்தில் இருபத்து நான்கு வயதுச் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்த எடிங்டன், அம்முடிவு பொருந்தாதது என்று அவையோர் முன் எள்ளி நகையாடினார். விண்மீன் ஒன்று இவ்வாறு எல்லையின்றி நொறுங்கிப் போவதை இயற்கை அனுமதியாது என்பது அவர் வாதம். கூடியிருந்தோர் சிரித்தனர். இளைஞருக்காக எழுந்து பேச ஒருவரும் முன்வரவில்லை.

பின்னர்ச் சந்திரசேகர் போர் முதலிய பெரும் இயற்பியல் அறிஞர்களின் கருத்தை நாடினார். கணக்கு சரியானதே என்று தனியே ஒப்புக்கொண்டவர்களும், எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசத் தயங்கினர். தாம் கண்ட உண்மை தமக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தும், அதனை ஏற்பார் எவருமின்றித் தனித்து நிற்பது எத்துணை வேதனை தருவது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் என்ன செய்தார்? தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை; அதற்காகச் சண்டையிட்டுக் காலத்தை வீணாக்கவும் இல்லை. தம் ஆராய்ச்சி முழுவதையும் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய நூலாக எழுதி 1939-இல் வெளியிட்டார். பிறகு வேறொரு துறைக்குச் சென்று முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். எடிங்டனிடம் அவர் கொண்ட மதிப்பும் குறையவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவருடைய அறிவுத் தொண்டை மனமாரப் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார்.

அமெரிக்காவில் ஆற்றிய பணி

1936-இல் சந்திரசேகர், மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். 1937 முதல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றலானார். நிறத்தைக் காரணம் காட்டி அவர் பல்கலைக்கழக வளாகத்தில் பாடம் நடத்துவதை எதிர்த்தவரும் அங்கிருந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் அவ்வெதிர்ப்பைப் புறக்கணித்து அவருக்குத் துணை நின்றார்.

யெர்க்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து சிக்காகோ நகரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. பாடம் நடத்துவதற்காக அவ்வளவு தொலைவும் அவர் காரிற் சென்று வருவார். ஒருமுறை அவர் வகுப்பில் இருவர் மட்டுமே சேர்ந்திருந்தனர் என்றும், அவ்விருவரும் சீன நாட்டு மாணவர்களான லீயும் யாங்கும் என்றும் கூறுவர். அவ்விருவரும் 1957-இல் நோபல் பரிசு பெற்றனர். மாணவர் தொகை சிறிதாயினும் ஆசிரியரின் உழைப்பு சிறிதாகலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஒரு துறையை எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் உழைத்து அதன் அடியாழம் கண்டு, நூலொன்று எழுதி முடித்தபின் அடுத்த துறைக்குச் செல்வது அவர் வழக்கம். விண்மீன்களின் இயக்கம், விண்மீன்களினூடே ஒளி செல்லும் முறை, பாய்பொருள்களின் நிலைப்பாடு, கருந்துளைகளின் கணிதம் என அவர் ஆராய்ந்த துறைகள் பல. 1952 முதல் 1971 வரை உலகப் புகழ்பெற்ற வானியற்பியல் ஏட்டுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

விண்மீன்களின் இறப்பை மட்டுமன்றிப் பிறப்பையும் அவர் ஆராய்ந்தார். விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு முகில்கள் தம் ஈர்ப்பால் சுருங்கித் திரளும்போதே இளம் விண்மீன்கள் பிறக்கின்றன. அம்முகில்களில் காந்தப் புலத்தின் வலிமையை அளக்க ஒரு வழியை, அணு விஞ்ஞானி என்ரிக்கோ பெர்மியுடன் சேர்ந்து 1953-இல் வகுத்தார். விண்மீன்கள் பிறக்கும் இடங்களை ஆராய்வோர் அவ்வழியைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகின்றனர்.

வானம் அளித்த சான்று

எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும் என்ற வினாவுக்கு வானமே விடை கூறியது. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுடைய விண்மீனின் நடுவே, எரிபொருள் தீரும் காலத்தில் இரும்பு சேர்கின்றது. அவ்விரும்புக் கரு சந்திரசேகர் எல்லையைத் தாண்டும்போது நொடிப்பொழுதில் நொறுங்கி விழுகின்றது; வெளிப்பகுதி பெருவெடிப்பாகச் சிதறுகின்றது. இதனையே மீயொளிர் விண்மீன் அல்லது சூப்பர்நோவா என்பர். வெண்குறுமீன் ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து அவ்வெல்லையை நெருங்கினாலும் வெடித்துச் சிதறும். கப்பலிற் போட்ட கணக்கே இவ்விருவகை வெடிப்புகளுக்கும் திறவுகோல்.

1054-ஆம் ஆண்டு ரிஷப ராசியில் இத்தகைய விண்மீன் ஒன்று தோன்றியதையும், அது 23 நாள் பகலிலும் தெரிந்ததையும் சீனர் எழுதி வைத்துள்ளனர். முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்த 1025-ஆம் ஆண்டுக்கு 29 ஆண்டுகள் பின்னர் நிகழ்ந்தது அது. நம் கெடாவின் வானிலும் அது ஒளிர்ந்திருக்கும். அவ்வெடிப்பின் நடுவே எஞ்சிய நியூட்ரான் விண்மீன், நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்வதை 1968-இல் அறிஞர்கள் கண்டனர். விண்மீன்கள் நொறுங்குகின்றன என்று அன்று இளைஞர் சொன்னது உண்மையே என்பதற்கு இவ்வாறு சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1983 அக்டோபர் 19-ஆம் நாள், அவருடைய 73-ஆம் பிறந்த நாளன்று, இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. கப்பலிற் கணக்கிட்ட நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே 53 ஆண்டுகள் கடந்திருந்தன. அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர் அமெரிக்க அறிஞர் வில்லியம் பௌலர். தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகும் முறையை ஆராய்ந்தவர். நம் இரத்தத்தில் உள்ள இரும்பும், பால்வெட்டும் கத்தியில் உள்ள இரும்பும் பண்டைக் காலத்தில் வெடித்த விண்மீன்கள் அளித்த கொடையே. அவை சிதறிய பொருள் முகில்களிற் கலந்து, புதிய விண்மீன்களாகவும் கோள்களாகவும் பிறக்கின்றது.

சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21-ஆம் நாள் சிக்காகோவில் காலமானார். 1999 ஜூலை 23-ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. அது முதலில் வெளியிட்ட படமே மீயொளிர் விண்மீன் ஒன்றின் எச்சம் என்பது பொருத்தமானதே. 2003-இல் அது ஓரியன் முகிலை ஏறத்தாழ 13 நாள் உற்று நோக்கி, 1,400-க்கும் மேற்பட்ட இளம் விண்மீன்களைக் கண்டறிந்தது.

நாம் கற்க வேண்டியவை

மாணவர்களே! தை மாதத்து முன்னிரவில் கிழக்கு வானை நோக்குங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு ஒருபுறம் செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. அது சூரியனைவிடப் பன்மடங்கு எடையுடையது. ஆகவே தன் எரிபொருளை விரைந்து செலவழித்துவிட்டது. பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளே ஆயினும் அது முதுமை எய்திவிட்டது. வருங்காலத்தில் ஒருநாள் வெடித்துச் சிதறும். மூன்று விண்மீன்களின் மறுபுறத்தே மங்கலான புகைபோல் தெரிவதுதான் ஓரியன் முகில். அங்கே விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. இறப்பையும் பிறப்பையும் அருகருகே காட்டும் அப்பகுதியைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

பெரியோர் சொல்வதைப் பணிவுடன் கேட்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கு சரியாக இருந்தால், பெரியவர் ஒருவர் மறுப்பதால் அது தவறாகிவிடாது. பலர் சிரித்தாலும் அது பொய்யாகிவிடாது. மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, பணிவும் உறுதியும் ஒருங்கே கொண்டு நிற்க வேண்டும். சந்திரசேகர் அவ்வாறே நின்றார். மறுத்தவரையும் அவர் வெறுக்கவில்லை.

பெற்றோர்களே! இவ்வரலாற்றில் சீதாலட்சுமி அம்மையாரை மறத்தலாகாது. நோய்ப் படுக்கையிலும் மகனைக் கல்விக்கு வழியனுப்பிய உள்ளம் அவருடையது. தோட்டத்திலிருந்து சுங்கைப்பட்டாணிக்கும், அலோர் ஸ்டாருக்கும், பினாங்குக்கும், அதற்கு அப்பாலும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுத் தனிமையில் நாளை எண்ணிய தாய்மார் நம்மிடையேயும் பலர் உள்ளனர். அவர்தம் பொறுமையும் கல்விக்குச் செய்யும் தொண்டே. பிள்ளைகள் அதனை உணர்ந்து, கையிலுள்ள பாடத்தை அடியாழம்வரை கற்பார்களாக!